அண்ணன் பெயர் ஒட்டிய குப்பி

அரபியில் ஷஹ்ஹாத் என்றால் பிச்சைக்காரன் என்று அர்த்தம். பெற்ற பிள்ளைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இவன் ஊரான கஃபர் நவாரில் யாரும் கேட்கமாட்டார்கள். மூத்தவர் மித்வல்லிக்கும் இவனுக்கும் நடுவில் அவர்களுடைய தாய்க்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் நாற்பது நாள் தாண்டாமல் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு பிறந்தவன் இவன். பிச்சைக்காரப் பயல் என்று நினைத்துச் சாவு இவனைத் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தாள்.

ஷஹ்ஹாத்துக்கு ஆறு வயதாகும்போது வாப்பா வயிறு ஊதிப்போய் இறந்தார். அன்றிலிருந்து ஒன்பது வயது மூத்த மித்வல்லிதான் அவனுக்கு எல்லாம். அடிப்பதும் அவர்தான், அடித்த இடத்தைத் தடவிக்கொடுப்பதும் அவர்தான்.

ஊரை ஒட்டி ஓடும் கால்வாயில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். எருமையைக் குளிப்பாட்டுவதும் அதில்தான், நெல்லுக்குத் தண்ணீர் திருப்புவதும் அதிலிருந்துதான். ஒன்பது பத்து வயதானால் பையன்களுக்குச் சிறுநீரோடு ரத்தம் வரும். அதை யாரும் நோய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வயதுக்கு வந்துவிட்டான் என்பார்கள். ரத்தம் வராத பையனைத்தான் கேலி செய்வார்கள். ஒருநாள் அரசாங்கத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையைக் கொடுத்து அதில் பெய்யச் சொன்னார்கள். பெய்ததைப் பார்த்துவிட்டு, கால்வாய்ப் புழு காலின் தோல் வழியாக உள்ளே ஏறி மூத்திரப்பையில் முட்டையிட்டிருக்கிறது, பில்ஹார்சியா என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். வாரா வாரம் ஊசி. போட்ட கையோடு வாந்தியும் தலைச்சுற்றலும் வரும். ஊசி போட்ட நாட்களில் மித்வல்லி வயலில் வேலையை விட்டுவிட்டு வந்து, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பார். அவன் அவர் முதுகிலேயே வாந்தி எடுப்பான். "எடுடா எடு, நல்லா எடு, எரு போட்ட மாதிரி இருக்கும்" என்பார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மித்வல்லி நெல் போட்டார், எருமை வளர்த்தார். ஜனவரியில் கால்வாயை அடைத்துத் தூர் வாரும்போது, இடுப்பளவு சேற்றில் நின்று அள்ளும் கூலி வேலைக்கும் போனார். பக்கத்து ஊர் இன்ஷிராஹைக் கட்டினார். மூன்றும் பெண் பிள்ளைகள், கடைசிப் பெண் ஸுஹைர். கால்வாய்க் கரையில் இருந்த சின்னப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது அவர்தான். சம்பளம் கிடையாது. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில்கூட அவர் குரல் அக்கரை வரைக்கும் கேட்கும்.

ஷஹ்ஹாத் பட்டாளத்துக்குப் போனான். பிறகு இராக்குக்குப் போய் பஸ்ராவில் ஒரு ரொட்டி அடுப்பில் எட்டு வருடம் வெந்தான். திரும்பி வந்து ஒரு பழைய மைக்ரோபஸ் வாங்கி, ஊருக்கும் தந்தா நகரத்துக்கும் ஓட்டினான். நபவிய்யா என்றொருத்தியைக் கட்டி இரண்டு பையன்கள். வாய் ஓயாதவன். அவன் வண்டியில் ஏறினால் சிரித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று ஊரில் பெயர். மித்வல்லி அதற்கு நேர்மாறு. நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம் பேசிவிட்டார் என்று பொருள்.

மித்வல்லிக்கு ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் ரத்தம் போனது. நாலு மாதம் வெளியே சொல்லவில்லை. இன்ஷிராஹ் துணி துவைக்கும்போது பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"பழைய புழுவாத்தான் இருக்கும். சின்ன வயசுல வந்ததுதானே."

"உங்களுக்கு என்ன, பத்து வயசா?"

ஊர்ச் சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பார்த்தார்கள். பழைய முட்டைகளின் ஓடு தெரிகிறது, உயிருள்ளது எதுவும் இல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் இன்ஷிராஹ் கொழுந்தனின் வண்டி முன்னால் வந்து நின்றாள். "தம்பி, நாளைக்கு உன் வண்டியில மொத ஆளா உங்க அண்ணன் ஏறணும். ஏறலைன்னா நான் எங்க ஊருக்குப் போயிடுவேன்" என்றாள்.

தந்தாவின் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தொடர்ந்து அவருடைய சிறுநீரை வாங்கினார்கள். குப்பியை வாங்கி வைக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ராவியா என்றொரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. முட்டையைத் தேடுவதில்லை அவள். மூத்திரப்பையின் உள்சுவரிலிருந்து உதிர்ந்து வரும் அணுக்களைத் தேடுவாள். மித்வல்லியின் சில்லில் உருவம் கோணிப்போன அணுக்களைக் கண்டாள். டாக்டர் இஹாப் சிறுநீர்த் துளை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு விரல்நுனி அளவுக்குப் பூக்கோசு மாதிரி முளைத்திருந்தது. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்.

"இது போயிடுச்சு. ஆனா இது பழைய புழு கிடந்த இடத்துல வர்ற புத்து, திரும்பி வர்ற சாதி" என்று அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து நீர் குடுக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் குழாய் விட்டுப் பார்ப்பேன். நடுவுல நீர்ல கெட்ட அணு தெரிஞ்சா, உடனே குழாய்."

"திரும்பி வந்தா?" என்று மித்வல்லி கேட்டார்.

"மேலாக இருந்தா மறுபடி சுரண்டலாம். வேர் விட்டிருந்தா மூத்திரப்பையையே எடுக்கணும். வயித்துல ஒரு துளை வெச்சு வெளியே பை மாட்டிடுவோம். நூத்துக்கணக்கான பேர் அப்படி இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க."

மித்வல்லி தலையாட்டினார். வண்டியில் ஏறி, பாதி வழி வரைக்கும் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த வார்டுல என் பக்கத்துப் படுக்கைக்காரன் பையோட இருந்தான். நீ பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"ராத்திரி அது கழண்டு போச்சு. பாய், போர்வை எல்லாம். அழுதான்டா, அறுபது வயசு ஆள்." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "பாங்கு சொல்றவன் இடுப்புல மூத்திரத்தைக் கட்டிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குள்ள போறதா?" என்றார்.

அந்தக் கோடையில் கொடுத்த நீர் சுத்தம். செப்டம்பரில் கொடுத்ததும் சுத்தம், குழாயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் குழாய் விட்ட வலியில் மித்வல்லி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. டிசம்பரில் மறுபடியும் போனார்கள். ராவியா பெயர் எழுதி ஒட்டிய குப்பியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மித்வல்லி தாழ்வாரத்துக் கடைசியில் இருந்த கழிப்பறைக்குள் போனார். ஷஹ்ஹாத் வெளியே சிகரெட்டைப் பற்ற வைத்தான். பாதி சிகரெட் முடிவதற்குள் கதவு திறந்தது.

"உள்ளே வா."

"எதுக்கு? பிடிச்சுக்கணுமா?"

"வாடா."

குப்பி காலியாக இருந்தது. கழிப்பறைப் பீங்கானில் தண்ணீர் இன்னும் முழுசாக வடியவில்லை. அது ரோஜா நிறத்தில் இருந்தது.

"அண்ணே…"

"இந்தா." குப்பியை நீட்டினார். "நீ போ இதுல."

"உனக்கென்ன கிறுக்கா?"

"இந்த ஒரு தடவைதான். பனிக்காலம், நெஞ்சுச் சளி வேற. இப்போ குழாய் விட்டா தாங்கமாட்டேன். அடுத்த தடவை என்னோடதைக் குடுக்கறேன். அதுக்குள்ள தானா நின்னுடும்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சுடும்."

"யார் சொல்லப்போறா? நீயா?"

அந்தக் குரலுக்கு ஷஹ்ஹாத் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பத்து வயதில் பழகியது, நாற்பத்து மூன்று வயதிலும் மாறவில்லை. வாங்கிக்கொண்டான். வெளியே வந்து ஜன்னலில் வைத்தபோது குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

பத்து நாள் கழித்து வந்த தாளில் சுத்தம் என்று இருந்தது. மித்வல்லி அதை இன்ஷிராஹிடம் கொடுத்தார். அவள் அந்தத் தாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பால்சோறு கொடுத்தாள். ஷஹ்ஹாத்தும் ஒரு கிண்ணம் சாப்பிட்டான். அவன் தொண்டையில் அது இறங்கத்தான் செய்தது.

மார்ச்சில் இரண்டாவது தடவை. இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஷஹ்ஹாத் நேராக உள்ளே போனான். சுத்தம். குழாய் பார்க்க வேண்டிய முறையும் அதுதான். காய்ச்சல் என்றார் மித்வல்லி. நீர் நன்றாக இருப்பதால் டாக்டரும் அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். திரும்பும் வழியில் இருவரும் கரும்புச்சாறு குடித்தார்கள்.

"ராவியா மேடம் என் மூத்திரத்துக்கு சபாஷ் போட்டிருக்காங்க அண்ணே. ஊர்ல எவனுக்காவது வேணுமான்னு கேளு, ஜன்னல் திறந்து வியாபாரம் பண்ணலாம்."

மித்வல்லி சிரித்தார். சிரிக்காத ஆள், கரும்புச்சாறு மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். பிற்பாடு ஷஹ்ஹாத்துக்கு எல்லாவற்றையும்விட நெஞ்சை அறுத்தது அந்தச் சிரிப்புதான். அப்போது அவருக்கு மாதம் நாலைந்து முறை ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியும். கேட்டால் ‘குறைஞ்சிருக்கு’ என்பார். அவனும் குறைந்திருக்கிறது என்றே நம்பிக்கொண்டான். நம்புவது சுலபமாக இருந்தது.

ஜூனில் மூன்றாவது முறை கொடுத்தார்கள். தாள் வாங்க ஷஹ்ஹாத் தனியாகப் போனான். வண்டி நிறைய ஆட்களை நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று ஓடினான். ராவியா தாளைக் கொடுக்கவில்லை.

"உங்க அண்ணன் வரலையா?"

"வயல்ல நாத்து நடறார் மேடம். குடுங்க, நான் கொண்டுபோறேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை அணுக்கள் நல்லா இல்லை. ரெண்டு சில்லுலயும் பார்த்தேன். சந்தேகமே இல்லை."

"யாரோடது?"

"உங்க அண்ணனோடதுதான். வேற யாரோடது?"

ஷஹ்ஹாத் நிலையத்துக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். பின்னாலிருந்து, "என்ன ஓய், தூங்கிட்டியா? வெயில்ல வெந்து சாகறோம்" என்று ஒருவர் கத்தினார். வண்டியைக் கிளப்பினான். ஊர் வந்தது. இறங்கும்போது ஒரு கிழவர், "உன் வாய்க்கும் ஒருநாள் லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மித்வல்லி முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று ஷஹ்ஹாத் கூப்பிட்டான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததுமே, "பிடிச்சுட்டாங்களா?" என்றார்.

"கெட்ட அணு இருக்காம்."

"ம்." கையிலிருந்த நாற்று முடியைப் பார்த்தார். "என்னிக்காவது வரும்னு தெரியும். சரி, விதி…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். நாற்று முடி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. "டேய். அது உன்னோடதுல்ல?"

"குப்பி மாறியிருக்கும்."

"உன்னோடதுடா அது."

"அங்க நூறு குப்பி இருக்கு அண்ணே. வேற எவனோடதோ. எனக்கு ஒண்ணுமில்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை, ஒண்ணுமில்லை."

மித்வல்லி சேற்றோடு வரப்பில் ஏறி உட்கார்ந்தார். சேற்றுக் கையாலேயே தம்பியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் பயந்ததை ஷஹ்ஹாத் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கும் பயம் வந்தது.

"நாளைக்குப் போறோம்" என்றார் மித்வல்லி.

"போவோம். ஆனா நீ வாயைத் திறக்காதே. உனக்கு உள்ளே இருக்கிறது நிஜம்தானே? உன்னைப் பார்க்கட்டும், வைத்தியம் பண்ணட்டும். நம்ம பண்ணினது வெளியே தெரிஞ்சா உன்னை ஆஸ்பத்திரிப் படியே ஏற விடமாட்டாங்க. அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? என்னோடதை நான் அப்புறம் வேற எங்கேயாவது பார்த்துக்கறேன்."

"எப்போ?"

ஷஹ்ஹாத் குனிந்து, தண்ணீரில் மிதந்த நாற்று முடியை எடுத்தான்.

மறுநாள் டாக்டர் இஹாப் மித்வல்லிக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, கையுறையைக் கழற்றாமல் ஷஹ்ஹாத்தின் முன்னால் நின்றார்.

"இடது பக்கச் சுவர் முழுக்கப் பரவியிருக்கு. இது மூணு மாசத்துல வந்தது மாதிரி இல்லையே. மார்ச்ல சுத்தம், டிசம்பர்ல சுத்தம். எப்படி?"

ஷஹ்ஹாத் தரையைப் பார்த்தான்.

டாக்டர் ராவியாவைக் கூப்பிட்டு, பழைய சில்லுகளை எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். திட்டவில்லை, பார்க்கத்தான் சொன்னார். ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தாள். டிசம்பர்ச் சில்லை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு மார்ச்சுடையது. குப்பியோடு வந்தவர்கள் வெளியே வரிசையில் காத்திருந்தார்கள். தள்ளுவண்டியில் படுத்திருந்த மித்வல்லிக்குப் பாதி திறந்திருந்த கதவு வழியாக அவள் தெரிந்தாள். கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள். கடைசியில் எழுந்து டாக்டரிடம் வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலை டாக்டர். நல்ல அணுக்களாத்தான் தெரியுது. நான்தான் விட்டுட்டேனோ என்னவோ. இருபது வருஷமாப் பார்க்கறேன்…" என்றாள்.

"அம்மா" என்று மித்வல்லி கூப்பிட்டார்.

ஷஹ்ஹாத் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, வேண்டாம்."

"கையை விடு." ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார். "உன் கண்ணு மேல குத்தம் இல்லை தாயி. அது என் மூத்திரம் இல்லை. என் தம்பியோடது. மூணு தடவையும் அவனோடது. குழாய்க்குப் பயந்துக்கிட்டு, பைக்குப் பயந்துக்கிட்டு நான்தான் பண்ணச் சொன்னேன். அவன் மேல தப்பில்லை, நான் சொன்னா அவன் எதையும் செய்வான்."

டாக்டர் வாயைத் திறந்து மூடினார்.

"என்னை அப்புறம் திட்டுங்க டாக்டர் ஐயா, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்றார் மித்வல்லி. "போன வாரம் குடுத்ததும் இவனோடதுதான். இவனைப் படுக்க வெச்சுப் பாருங்க. ஓடிடுவான், பிடிச்சுக்கோங்க."

அண்ணனின் நீரையும் அன்றைக்கே வாங்கி ராவியா பார்த்தாள். தம்பியினுடையதைத் தொடர்ந்து மூன்று நாள் வாங்கினாள். கழிப்பறை வாசல் வரைக்கும் அவளே வந்து நின்றாள். மூன்றாம் நாள் குப்பியை வாங்கும்போது, "இருபது வருஷத்துல அன்னிக்குத்தான் என் கண்ணையே நான் நம்பலை, தெரியுமா?" என்றாள். ஷஹ்ஹாத் மன்னிப்புக் கேட்டான். அவள் அதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஷஹ்ஹாத்தின் மூத்திரப்பைக்குள் முளை எதுவும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் தட்டையாக, வெல்வெட் மாதிரி சிவந்திருந்தது. அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ரத்தம் வரும் வரைக்கும் காத்திருந்தால் காலம் கடந்திருக்கும் என்றார் டாக்டர். சுரண்டினார்கள். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொன்னார்கள். நெருப்பை விட்ட மாதிரி எரிந்தது. மூத்திரப்பை தப்பியது.

மித்வல்லிக்கு மூத்திரப்பையை எடுத்தார்கள். ஆனால் புற்று அதற்குள் சுவரைத் தாண்டி, இடுப்பு நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது. டாக்டர் அதை ஷஹ்ஹாத்திடம் தனியாகச் சொன்னார். ‘ஆறு மாசம் முன்னாடி’ என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

பையோடு ஊருக்கு வந்தார் மித்வல்லி. முதல் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பெரிய பள்ளிவாசல் இமாம் பார்க்க வந்தார். "இதுக்கு மார்க்கத்துல எப்பவோ வழி சொல்லியாச்சு அப்பா. ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசாக் கை கால் கழுவி ஒளு செய்துக்கோ, போதும். நீ வராம யாரோ ஒருத்தன் பாங்குன்ற பேர்ல கத்திக்கிட்டிருக்கான், காது வலிக்குது" என்றார். அக்டோபரில் ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்கு மித்வல்லி மெல்ல நடந்து போனார். நீள அங்கிக்குள் பை இருப்பது யாருக்கும் தெரியவில்லை. குரல் முன்பு போல அக்கரைக்குப் போகவில்லை, ஆனால் நடுங்கவும் இல்லை. முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஷஹ்ஹாத் செருப்பை எடுத்து வைத்தான்.

"இதுக்காடா நான் பயந்தேன்?" என்றார்.

அவன் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டான்.

"நீ ஒழுங்காப் போறியா?"

"போறேன் அண்ணே."

"என் பேர்ல போனது போதும். இனி உன் பேர்ல போ." பிறகு, "உங்க அண்ணிக்கு இது தெரிய வேண்டாம். நான் போனப்புறமும் வேண்டாம்" என்றார்.

ஜனவரியில், கால்வாயை அடைத்துத் தூர் வாரிக்கொண்டிருந்த வாரத்தில், மித்வல்லி மவுத்தானார். வயிறு ஒட்டி, கைக்குழந்தை எடைக்கு வந்திருந்தார். ஜனாஸாப் பெட்டியைத் தூக்கியபோது ஷஹ்ஹாத்துக்குத் தோளில் பாரமே தெரியவில்லை.

அண்ணன் சொன்னதை அவனால் நாற்பது நாளுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதி முடித்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, இன்ஷிராஹ் அலமாரியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து வந்தாள். நாலாக மடித்து, துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"தம்பி, நீ படிச்சவன். எனக்கு ஒண்ணு விளங்கலை. இது டிசம்பர், இது மார்ச். ரெண்டுலயும் சுத்தம்னு போட்டிருக்குன்னு ஸுஹைர் சொல்றா. அப்புறம் எப்படி? அந்த ஆஸ்பத்திரிக்காரங்க பொய் சொன்னாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ராவியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது அவன் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டான். எதையும் விடாமல் சொன்னான், கரும்புச்சாறு குடித்துச் சிரித்தது வரைக்கும்.

இன்ஷிராஹ் தாள்களை மறுபடியும் நாலாக மடித்தாள்.

"நான் பால்சோறு குடுத்தேன்" என்றாள். "நீயும் தின்னே."

"அண்ணி…"

"அவர் பயந்தார். சரி. பயந்த மனுசன். உனக்கு என்ன வந்துச்சு? நீ வெளியே வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போயிருப்பேனே. ஆறு மாசம்! என் கையில இருந்து நீ எடுத்துட்டே." எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "போ. இந்த வாசல்ல உன் முகம் தெரியக்கூடாது."

போனான். அந்த வருடம் அண்ணன் வயலில் அவனே நாற்று நட்டான், அவனே அறுத்தான். மூட்டைகளைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினான். ஸுஹைர் வந்து உள்ளே இழுத்துப்போவாள். இன்ஷிராஹ் தெருவில் அவனைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் போவாள். அவன் வண்டியில் ஏறுவதில்லை. மணிக்கணக்கில் அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பாள். ஷஹ்ஹாத்தின் வாய் அடைத்துப்போனது. அவன் வண்டியில் இப்போதெல்லாம் ரேடியோதான் பேசியது.

அவனுடைய முறையும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்தது. போனான், கொடுத்தான். ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் ஒரு முறையைத் தவறவிட்டான். வேண்டுமென்றுதான் தவறவிட்டான். அந்தக் கழிப்பறைக்குள் போனால் மூச்சு முட்டுகிறது என்று நபவிய்யாவிடம் சொன்னான். வந்தால் வரட்டும், அண்ணனோடு போய்ச் சேருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். நபவிய்யா அழுதுகொண்டே போய் இன்ஷிராஹிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் வண்டி புறப்படும் நேரத்தில், முன்சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இன்ஷிராஹ் ஏறி உட்கார்ந்தாள். கறுப்பு அங்கி, கையில் ரொட்டிப் பொட்டலம்.

"அண்ணி?"

"ஓட்டு."

தந்தா வரைக்கும் அவள் வேறெதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் அவளே குப்பியைக் கேட்டு வாங்கினாள். ஒட்டியிருந்த பெயரைப் படிக்கத் தெரியாமல், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று ராவியாவைக் கேட்டாள். ராவியா படித்துக் காட்டினாள். அவனைக் கழிப்பறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்றுகொண்டாள்.

"போ."

"அண்ணி, இங்க நிக்காதீங்க. ஆம்பளைங்க வர்ற இடம்."

"வரட்டும். எனக்கென்ன வெக்கம்? இருக்க வேண்டியதெல்லாம் போயாச்சு." அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "அந்த மனுசன் சாகப்போற நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் ஒழுங்காப் பண்ணினார், உன்னைக் காட்டிக்குடுத்தது. அதையும் நீ வீணாக்கினா உன்னை நான் எந்தக் காலத்துலயும் மன்னிக்கமாட்டேன். உள்ளே போ."

அவன் குப்பியோடு வெளியே வந்தபோது, வாங்கிக் கையில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஜன்னலில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு வருடம், ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தாள். போகும்போது பேசமாட்டாள். திரும்பும்போது சில சமயம் எருமையைப் பற்றியோ, மகள்களைப் பற்றியோ ஏதாவது சொல்வாள். முழங்கால் வலி வந்த பிறகு வருவது நின்றது. ஆனால் தாள் வந்ததும் அவளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஸுஹைர் வாசிப்பாள். "சுத்தம்னு இருக்கா? மறுபடி படி" என்பாள்.

ஒருமுறை சுத்தமில்லை என்று வந்தது. மறுபடி சுரண்டினார்கள், மறுபடி ஆறு வாரம் எரியும் மருந்து. அந்த ஆறு வாரமும் அவன் வீட்டுக்கு முலுக்கியாக் கீரைச் சாறும் கோழியும் இன்ஷிராஹ் வீட்டிலிருந்துதான் போனது.

மித்வல்லி போய் ஐந்தாவது வருடம் ஸுஹைருக்கு நிக்காஹ் பேசினார்கள். பெண்ணுக்குப் பொறுப்பாளராக, ‘வலி’யாக நின்று கைகொடுக்க வேண்டியது தகப்பன். இல்லையென்றால் தகப்பனின் சகோதரன். ஷஹ்ஹாத் முந்தின நாளே வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, உங்க பெரிய மருமகனை நிக்கச் சொல்லலாம், இமாம் கிட்ட கேட்டுட்டேன். நான் வேண்டாம்."

இன்ஷிராஹ் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவர் இருந்தா அவர் கை. அவர் இல்லை. உன் கைதான் இருக்கு. நல்ல அங்கியா போட்டுட்டு வா" என்றாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு, மாப்பிள்ளையின் கையை ஷஹ்ஹாத் பிடித்துக்கொள்ள, இமாம் இரண்டு கைகளின் மேலும் வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு மூடினார். சொல்ல வேண்டியதை இமாம் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். ‘என் அண்ணன் மித்வல்லியின் மகளை’ என்ற இடத்தில் குரல் வரவில்லை. இமாம் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. இரண்டாம் தடவை சொன்னான்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஷஹ்ஹாத் கொல்லைப்பக்கம் போய், எருமைக்குப் போட்டிருந்த பசும்புல் கட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் இன்ஷிராஹ் வந்தாள். அவளுடைய கண்களும் வீங்கித்தான் இருந்தன. பக்கத்தில் உட்காரவில்லை, தொடவும் இல்லை. சுவரில் சாய்ந்து, அவன் அழுது முடிக்கும் வரைக்கும் நின்றாள்.

"எழுந்திரு" என்றாள். "பந்தியில ஆள் உட்கார்ந்தாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நீதான் கவனிக்கணும்."